நோயாளர் படகுக்கு ஒரு வாழ்த்துமடல்

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் மாதந்தோறும் வெளியிடும் ‘தீவக மடல்’ நான்கு பக்கங்கள் கொண்டது. முதல் மூன்று பக்கங்களையும் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தவன் நான். ஊதியம் கிடையாது, நான் கேட்டதுமில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையோடு வாழ்ந்துவிட்டு அனலைதீவுக்குத் திரும்பியவனுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது. சரவணையில் எந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடப்பட்டது, நாரந்தனையில் யார் யாருக்குத் தையல் இயந்திரம் வழங்கப்பட்டது, நெடுந்தீவில் நூறு வயது நிறைந்த முதியவருக்கு உறுப்பினர் எப்போது பொன்னாடை போர்த்தினார், நயினாதீவுத் திருவிழாவுக்கு மேலதிகப் படகுகள் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பன போன்ற செய்திகளை உறுப்பினரின் இணைப்புச் செயலாளர் கீர்த்திகன் எனக்குக் கைப்பேசியில் அனுப்புவார். நான் ஒற்றெழுத்துகளைச் சேர்த்து, நீண்ட வாக்கியங்களை வெட்டி, மாலைக்குள் திருப்பி அனுப்புவேன்.

நான்காம் பக்கம் படங்களுக்குரியது. அது என்னிடம் வருவதில்லை. “படங்கள்தானே மாஸ்ரர், உங்களுக்கேன் கரைச்சல்” என்று கீர்த்திகன் ஒருமுறை சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் அன்னபூரணம் குடியிருந்தார். ஐம்பது வயதாகவில்லை. கணவர் இறந்தபின் புகையிலைத் தோட்டத்தையும் ஆறேழு ஆடுகளையும் தனியே பார்த்து மகள் பவதாரணியை ஆளாக்கியவர். மகள் தீவின் முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஆவணியில் அன்னபூரணத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் அவர் யாழ்ப்பாணம் சென்று இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்து வரவேண்டியதாயிற்று. விடிந்ததும் முதற்படகில் ஊர்காவற்துறை, அங்கிருந்து பேருந்து, நான்கு மணிநேரம் இயந்திரத்தோடு, மறுபடி பேருந்து. இயந்திரத்தில் அவருடைய முறை சற்றுப் பிந்தினாலும் மாலைக் கடைசிப் படகு போய்விடும். அவ்வேளைகளில் நாரந்தனையில் ஓர் உறவினர் வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பி மறுநாள் வருவார். படகைப் பிடித்த நாளிலும் துன்பம் தீராது. சிகிச்சை முடிந்த உடம்பால் படகின் உயர்ந்த விளிம்பைத் தாண்டி ஏற முடியாது. படகில் வேலைசெய்யும் லியோனும் இன்னொருவரும் இரு கைகளிலும் பிடித்துத் தூக்கி உள்ளே வைப்பார்கள். “புகையிலைச் சிப்பம் ஏத்துற மாதிரி என்னை ஏத்தினம், மாஸ்ரர்” என்று சொல்லி அவரே சிரிப்பார்.

வைத்தியர் அவருக்கு இரண்டு வழிகள் சொல்லியிருந்தார். பட்டணத்துப் பக்கம் குடிபெயர்வது ஒன்று. வேண்டிய நேரத்தில் புறப்படக்கூடிய நோயாளர் படகு ஒன்று தீவில் இருப்பது மற்றையது. தோட்டத்தையும் ஆடுகளையும் மகளின் வேலையையும் விட்டுப் பெயர அன்னபூரணத்துக்கு மனமில்லை. ஆகவே அவருடைய நம்பிக்கை முழுவதும் படகின் மீதே இருந்தது.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் எங்கள் தீவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தபோது, வரவேற்புக்குழு என்னிடம் வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பைத் தந்தது.

எங்கள் தீவுகளில் பெரிய மனிதர் ஒருவரை மாலையும் பொன்னாடையும் சட்டமிட்ட வாழ்த்துமடலும் இல்லாமல் வரவேற்கும் வழக்கம் கிடையாது. விருந்தினரைச் சபையில் நிறுத்தி இதைத் தாருங்கள், அதைத் தாருங்கள் என்று கேட்பதும் எங்களுக்கு முறையாகத் தோன்றாது. எனவே, அவர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டவராகவே வாழ்த்துமடலில் போற்றிவிடுவோம். ஊர் கூடியிருக்க அது வாசிக்கப்படும். அவர் இரண்டு கைகளாலும் ஏற்றுக்கொள்வார். ஏற்ற பின் செய்யாமலிருக்க அவருக்கு முகம் இராது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி அதிகாரியை ‘விஞ்ஞானகூடம் தந்த வித்தகரே’ என்று நான் எழுதி விளித்தபோது, அவர் வெட்கத்தோடு தலைகுனிந்து சிரித்தது இன்னும் நினைவில் நிற்கிறது. மறு ஆண்டே விஞ்ஞானகூடம் எழுந்தது. அந்த வெற்றி என்னை இந்த வழக்கத்தின் பக்தனாக்கிவிட்டது.

எனவே இம்முறை நான் எழுதினேன்: ‘கடல் நடுவே துயருறும் நோயாளர்க்குப் படகு ஈந்து கரைசேர்த்த பெருந்தகையே, அனலைதீவு மக்களின் நன்றி என்றும் உமக்காகுக.’ அதைக் கையளிக்க அன்னபூரணமே பொருத்தமானவர் என்று குழுவுக்குச் சொன்னவனும் நான்தான்.

அவர் தயங்கினார். “கிடைக்காததுக்கு நன்றி சொல்லுறதோ, மாஸ்ரர்? எனக்கு வாய் கூசுது” என்றார்.

வகுப்பறையில் பிள்ளைகள் தயங்கும்போது கதை சொல்லிப் பழகியவன் நான். அவருக்கும் ஒன்று சொன்னேன். ஒரு தூக்கணாங்குருவி ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஒரு பனைக்கு வரும். கூட்டின் முதல் நாரைப் பின்னுமுன் மரத்தை மூன்று முறை சுற்றிப் பறந்து, ‘என் குஞ்சுகள் பத்திரமாகப் பறந்துவிட்டன, உனக்கு நன்றி’ என்று சொல்லும். ‘முட்டையே இன்னும் இடவில்லையே’ என்று பனை சிரித்தது. ‘நீ கேட்டுவிட்டாய் அல்லவா, அது போதும்’ என்றது குருவி. அந்த மாரியில் பெரும்புயல் வந்தது. அயலில் நின்ற பனைகள் விழுந்தன. இந்தப் பனை மட்டும், பெற்றுக்கொண்ட நன்றியை நினைத்து நினைத்து வேரை இறுக்கிக்கொண்டு நின்றது.

அன்னபூரணம் கதையை முழுவதும் கேட்டார். பிறகு, “சரி, மாஸ்ரர் சொன்னாச் சரிதான்” என்றார். அந்த ஒரு வார்த்தையின் பாரம் அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடைக்காற்று இன்னும் முற்றாக ஓய்ந்திருக்கவில்லை. உறுப்பினர் ஏறிவந்த படகை வாழைக்குட்டிகளாலும் வண்ணக் கடதாசிகளாலும் அலங்கரித்திருந்தோம். இறங்குதுறையிலேயே பூரணகும்பம்; இறங்குதுறையிலேயே மாலை. நான் வாழ்த்துமடலை வாசித்தேன். அன்னபூரணம் தம்மிடமிருந்த ஒரே பட்டுச்சேலையை உடுத்தி வந்து, கண்ணாடிச் சட்டத்தை நீட்டினார். உறுப்பினர் இரண்டு கைகளாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்ததாகவே எனக்குத் தோன்றியது. “சித்திரை வருசப்பிறப்புக்கு முந்தி அம்மாவின்ர படகு இந்தத் துறையிலை நிக்கும்” என்று ஒலிவாங்கியில் சொன்னார். ஊர் கைதட்டியது. கீர்த்திகன் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மாசி மாத மடலின் மூன்று பக்கங்களும் வழக்கம்போல் வந்தன. எங்கள் தீவைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. படகு வந்தபின் எழுதுவார்கள் போலும் என்று எண்ணி, அந்த அடக்கத்தை மனதுக்குள் பாராட்டினேன்.

மடல் வெளியானதன் மறுநாள், செவ்வாய்க்கிழமை, மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக நானும் முதற்படகில் ஏறினேன். அன்னபூரணமும் மகளும் முன்பக்கப் பலகையில் இருந்தார்கள். முந்திய மாலை ஊர்காவற்துறையில் பகிர்ந்த மடலின் கட்டொன்று படகுக்கும் வந்திருந்தது. லியோன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, பகிடியாகக் குரல் கொடுத்தார்.

“அன்னபூரணமக்கா, சொந்தமாய்ப் படகு இருக்கேக்கை ஏன் எங்களோடை கிடந்து நெரிபடுறியள்?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்னபூரணமும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். லியோன் தாளைப் பவதாரணியிடம் நீட்டினார். அவள் நான்காம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தாயிடம் கொடாமல் என்னிடம் தந்தாள்.

பாதிப் பக்கத்துக்கு ஒரே படம். பட்டுச்சேலையில் அன்னபூரணம், நெற்றியில் சட்டத்தை ஒற்றியபடி உறுப்பினர், இருவருக்கும் பின்னால் வாழைக்குட்டிகள் கட்டிய படகு. மேலே தடித்த எழுத்தில்: ‘நிறைவேறியது: அனலைதீவு நோயாளர் படகுச் சேவை.’ கீழே ஒரு கட்டத்துக்குள், ‘பயனாளி வழங்கிய நன்றி மடலிலிருந்து’ என்ற குறிப்போடு, நான் எழுதிய வாக்கியம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது.

அன்னபூரணம் தாளை வாங்கி மடியில் விரித்து நெடுநேரம் பார்த்தார். “சேலை நல்லாய் விழுந்திருக்கு” என்று மட்டும் சொல்லி, அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நிலையிலும் நான் உறுப்பினருக்காகவே வாதாடினேன். அச்சகத்தின் அவசரமாக இருக்கலாம் என்றேன். படகு உண்மையில் வரப்போவதால் முந்திப் போட்டிருக்கலாம் என்றேன்.

அடுத்த கிழமை பவதாரணி என் வீட்டுக்கு வந்தாள். அவள் ஒரு செய்தியை அதுவரை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஊரவர் ஒன்றியத்துக்குக் கார்த்திகை மாதமே அவள் விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். தாயின் வைத்திய அறிக்கைகளையும் அனுப்பியிருக்கிறாள். ஒன்றியம் ஒரு படகு செய்விக்க இணங்கி, கடைசிக் கூட்டத்தின் முடிவை மாத்திரம் அறிவிக்கவேண்டிய நிலையில் இருந்தது. கிடைத்தபின் சொல்லலாம் என்று அவள் பொறுத்திருந்தாள். கிடைக்காததற்கு நன்றி சொல்லக் கூசிய தாயின் மகள் அல்லவா? இப்போது முடிவு வந்துவிட்டது. தங்கள் தீவுக்கு அரசியல் முயற்சியால் நோயாளர் படகு கிடைத்துவிட்டதை இணையத்தில் வந்த மடலில் கண்டு மகிழ்ந்தோம் என்றும், எனவே எங்கள் படகை அயல்தீவான எழுவைதீவு மக்களுக்கு வழங்கத் தீர்மானித்துள்ளோம் என்றும் ஒன்றியம் எழுதியிருந்தது.

ஒன்றியத்தின் செயலாளர் ஜெயரூபனை எனக்குத் தெரியும். எங்கள் தீவில் பிறந்து பத்து வயதில் வெளிநாடு போனவர். ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டு வாங்குபவர். உடனே தொலைபேசியில் அழைத்தேன். உண்மையைச் சொன்னேன்.

“மாஸ்ரர், நாங்கள் அரசியல்வாதியின்ர பேப்பரை நம்புற ஆக்களில்லை” என்றார் அவர். “ஆனால் கீழை இருந்தது உங்கட தமிழ். ரெண்டு வரி வாசிக்கவே தெரிஞ்சுது. கூட்டத்திலையும் நான் அதைத்தான் சொன்னனான். மாஸ்ரர் எழுதியிருக்கிறார், இனி விசாரிக்கத் தேவையில்லை எண்டு.”

எழுவைதீவுக்கு ஏற்கெனவே அறிவித்துவிட்டார்களாம். அங்கேயும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், இதயநோயாளர் இருக்கிறார்கள். “குடுக்கிறம் எண்டு சொன்னதைப் பறிக்கச் சொல்லுவியளோ?” என்று அவர் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த படகுக்கு ஒன்றியத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஏலாது என்றார்.

அன்றைய இரண்டாம் படகிலேயே ஊர்காவற்துறைக்குப் போனேன். உறுப்பினரின் அலுவலகத்துக்குள் அதுவரை நான் காலெடுத்து வைத்ததில்லை. கீர்த்திகன் எழுந்து வந்து, கதிரை இழுத்துப் போட்டு, தேநீர் தருவித்தார். மடலில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். திட்டம் கடதாசியில் ஏற்கப்பட்டிருக்கிறதாம். அதைத்தான் நிறைவேறியது என்று போட்டார்களாம். படகு வருகிற ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ வரக்கூடுமாம். திருத்தம் போட்டால் மற்றச் செய்திகளையும் மக்கள் சந்தேகிப்பார்கள் என்றும் வருந்தினார்.

“பொய் எண்டு சொல்லாதையுங்கோ, மாஸ்ரர். நாங்கள் ஒரு சொல்லும் கூட்டேல்லை. நீங்கள் எழுதினதை அப்பிடியே போட்டனாங்கள்.”

முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் அந்தச் சுவரைக் கண்டேன். கூரையின் அடிவரைக்கும் கண்ணாடிச் சட்டங்கள். ‘நெடுந்தீவுக்கு நன்னீர் தந்த நாயகரே.’ ‘நாரந்தனைக்குத் தாய்சேய் நிலையம் கண்ட தகைமையே.’ ‘சரவணைக் குளம் தூர்வாரிய செம்மலே.’ நாரந்தனையில் தாய்சேய் நிலையம் எழவில்லை. சரவணைக் குளம் நான் பேருந்தில் கடந்துபோகும்போதெல்லாம் மண்மூடியே கிடந்தது. ஒவ்வொரு வாழ்த்துமடலின் நடையும் எனக்குப் பழக்கமானது. எழுதியவர்கள் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சிலரோடு ஒரே மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். எத்தனை குருவிகள் இந்த ஒரு பனையைச் சுற்றிப் பறந்திருக்கின்றன!

எங்கள் சட்டம் மூன்றாம் வரிசையில் தொங்கியது. நான் எட்டி அதைக் கழற்றினேன்.

கீர்த்திகன் தடுக்கவில்லை. “குடுத்ததைத் திருப்பி எடுக்கிறது எங்கட ஊர் முறையோ, மாஸ்ரர்?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவன் என்று என்னை ஊரார் கேலிசெய்வதுண்டு. அன்று ஒரு கதையும் வாய்க்கு வரவில்லை. சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன்.

பங்குனி நடுப்பகுதியில் அன்னபூரணம் இருமுறை கடைசிப் படகைத் தவறவிட்டார். இரண்டாம் முறை நாரந்தனையிலேயே மூச்சு முட்டி, அங்கிருந்தே மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. திரும்பி வந்ததும் அவர் முடிவெடுத்துவிட்டார். ஆடுகள் அயலவருக்குப் போயின. தோட்டம் குத்தகைக்குப் போயிற்று. பவதாரணி முன்பள்ளியிலிருந்து விலகினாள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை கிடைத்தது.

அவர்கள் புறப்பட்ட நாள் வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தியது. படகு நிற்கும் என்று உறுப்பினர் சொன்ன அதே துறையில் வழக்கமான படகுதான் நின்றது. நான் சட்டத்தையும் கொண்டுபோயிருந்தேன். என்ன நினைத்துக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

நான் பேசத் தொடங்குமுன்னரே அன்னபூரணம் கையமர்த்தினார்.

“கதை வேண்டாம், மாஸ்ரர்” என்றார். குரலில் கடுமை இல்லை. “உங்கட கதையிலை பிழையில்லை. அந்தப் பனைக்கு வெக்கம் இருந்தது, அதாலை நிண்டது. நான் அந்தாளை நம்பிச் சட்டத்தைக் குடுக்கேல்லை. உங்களை நம்பிக் குடுத்தனான்.”

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் என் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “நல்ல மரம்” என்றார். பின்பக்கத்துச் சிறு ஆணிகளை நகத்தால் நெம்பி வளைத்து, அட்டையை எடுத்து, வாழ்த்துமடலை வெளியே உருவி என்னிடம் தந்தார். கண்ணாடியையும் சட்டத்தையும் மகளிடம் கொடுத்தார்.

“அவரின்ர படத்துக்கு இதைப் போடலாம், பிள்ளை. அங்கை சுவரிலை மாட்ட வேணும்.” கணவரின் படத்தைத்தான் சொன்னார்.

லியோனும் மற்றவரும் வந்தார்கள். இம்முறை லியோன் பகிடி விடவில்லை. இருவருமாக அன்னபூரணத்தின் கைகளைப் பிடித்துத் தூக்கி விளிம்புக்கு அப்பால் வைத்தார்கள். பவதாரணி சட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி தாயருகே இருந்தாள். படகு எழுவைதீவின் பக்கமாக வளைந்து ஊர்காவற்துறையை நோக்கித் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் என் தமிழ் இருந்தது.

மாலையில் சித்திரை மாத மடலின் மூன்று பக்கங்கள் கைப்பேசிக்கு வந்தன. ‘மாஸ்ரர், கோபம் ஆறியிருக்கும் எண்டு நம்புறன். ஒருக்காப் பாத்துத் தாருங்கோ’ என்று கீர்த்திகன் எழுதியிருந்தார். முதலாம் பக்கத்தின் முதற் பந்தியிலேயே மூன்று பிழைகள் கண்ணில் பட்டன.

நான் அவற்றைத் தொடவில்லை.